அந்த மூன்றாவது கால்



போன வாரம் என் பேத்தி போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர் கையில் என்ன அது, ஊதுபத்தியா?" என்று ஒருவன். "பெரியம்மா, இந்த வயசில் எதுக்கு இந்த வேலை?" என்று செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மருமகள். அது ஊதுபத்தி இல்லை, ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்ன். எதிரே மேஜையில் கவிழ்ந்து கிடப்பது ஒரு பழைய கிதார் ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என் பாடம் மணி அடித்தும் முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா!

உறவுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கூடவே மைக் செட் வாடகையும். ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலம். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராகக் கடைக்குத்தான் போவேன். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் வால்வு துடைப்பதும், ஈயம் உருக்குவதும், கலர் கோடு பார்த்து ரெசிஸ்டர் பிரித்து வைப்பதும் என் வேலை. பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து மலைக்கு வந்துவிட்டேன். அப்பா போனதும் கடையும் போயிற்று. அவருடைய மீட்டரும் இடுக்கிகளும் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில் என்னோடு மலையேறின.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன் ஒருவன் இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கிறான். பேர் சொன்னால் வெட்கப்படுவான், வேண்டாம். அந்தத் தோட்டத்துப் பழைய பங்களாவை வெள்ளையடிக்கக் காலி செய்தபோது, மூலையில் கிடந்த ஒரு பெட்டியை "வேணும்னா எடுத்துக்கோ" என்று கொடுத்திருக்கிறார்கள். இவன் மகள் பதினோராம் வகுப்பு. கிதார் வாசிப்பாள், பாடவும் செய்வாள். மகளுக்கு ஆகுமே என்று தூக்கி வந்துவிட்டான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கனம். முன்னால் பழுப்பேறிய துணி, பின்பக்கம் திறப்பு, உள்ளே ஒரு பெரிய ஸ்பீக்கர். பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும்தான். இங்கிலாந்தில் செய்தது என்பது பின்பக்கத் தகட்டில் இருந்தது.

வாசித்தால் நல்ல சத்தம்தான். ஆனால் வாசிக்காதபோதும் சத்தம்! உர்ர்ர் என்று ஒரு உறுமல். அரை மணி நேரம் ஓடினால் சோளம் பொரிகிற மாதிரி ஒரு படபடப்பு. ஈர நாட்களில் கொய்ங் என்று ஒரு ஊளை. மலையில் இரண்டு பேரிடம் காட்டி, சேலத்தில் ஒரு கடைக்கும் கொண்டு போய், "இதெல்லாம் வால்வுங்க, இப்ப யாரும் தொடமாட்டாங்க, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொன்ன பிறகு என்னிடம் வந்தான்.

பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் தெரிந்த முகங்கள். ஈஇசட் 81 ஒன்று, ஈஎல் 84 இரண்டு, ஈசிசி 83 மூன்று. அப்பா கடை அலமாரியில் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்த அதே எண்கள். நம் வீடுகளில் பாடிய வால்வு ரேடியோக்களிலும் ரேடியோகிராம்களிலும் இருந்த அதே குடும்பம். பெங்களூரில் 1954-ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ஹாலந்து பிலிப்ஸின் உதவியோடு இந்த ரக வால்வுகளை நம் நாட்டிலேயே செய்தது. அந்த ஈசிசி 83-க்கு இன்று வெளிநாட்டு கிதார்க்காரர்கள் நடுவில் நல்ல கிராக்கி என்கிறார்கள். அப்பா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகும் கிதார்க்காரர்கள் ஏன் வால்வை விடவில்லை என்று அந்தப் பெண்ணே கேட்டாள். அளவுக்கு மேல் ஓட்டினால் டிரான்சிஸ்டர் சத்தத்தின் தலையைக் கத்தியால் வெட்டினாற்போலத் தட்டையாக்கும். வால்வு அதையே கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி உருண்டையாக்கும். அந்த உருண்டைதான் அவர்களுக்குத் தேன். என் காதுக்கு எல்லாம் இரைச்சல்தான், அது வேறு விஷயம்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். ரிப்பேருக்கு வந்த செட்டைத் திறக்கவே மாட்டார். முதலில் வந்தவரைப் பேசவிடுவார். எப்போது சத்தம் வருகிறது, மழையிலா வெயிலிலா, எந்த அறையில், விளக்கு போட்டாலா, இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பார். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி. நானும் அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் கேட்டேன். எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாள்.

"டீச்சரம்மா, இன்னொண்ணு. ஹால்ல வாசிச்சுக்கிட்டே பாடும்போது மைக்ல உதடு பட்டா சுருக்குனு கடிக்கும். ரூம்ல வாசிச்சா ஒண்ணும் இருக்காது. பரவாயில்லீங்க, பழகிருச்சு."

பழகிருச்சு! எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"கண்ணு, இனிமே இதை நான் சொல்ற வரைக்கும் பிளக்கில் சொருகக் கூடாது" என்றேன். அவள் அப்பன் முழித்தான். "டேய், பிளக்கை எடு" என்றேன்.

பிளக்கைப் பார்த்தால் மூன்று கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால்தான். மேலே தனியாக, கொழுத்து, நீளமாக இருக்குமே, அந்தக் காலைக் காணோம். யாரோ திருகைக் கழற்றி எடுத்துவிட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் பச்சை வயரை ஒட்ட வெட்டி, மேலே டேப்பும் சுற்றியிருக்கிறது. தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பில் நான் கேட்ட கேள்வி உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? மூன்று கால் பிளக்கில் ஒரு கால் மட்டும் ஏன் நீளம்? சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். மின்சாரம் உள்ளே வருவதற்கு முன்பே காவல்காரன் வந்து நிற்க வேண்டும். பெட்டிக்குள் ஏதாவது கோளாறாகி மின்சாரம் தகட்டில் இறங்கினால் அது நம் உடம்பு வழியாகப் போகாமல் அந்தக் கால் வழியாக மண்ணுக்குப் போகும், ஃபியூஸ் போய்விடும்.

கிதாரில் இன்னொரு சங்கதி உண்டு. அதன் தந்திகள் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் தகட்டோடு நேரடியாக இணைந்தவை. இரைச்சல் குறையட்டும் என்று அப்படித்தான் செய்வார்கள். தகட்டில் மின்சாரம் இருந்தால் தந்தியிலும் இருக்கும். இவள் கை தந்தியில், உதடு மைக்கில். மைக் போவது இன்னொரு செட்டுக்கு. அதற்கு எர்த் ஒழுங்காக இருக்கிறது. நடுவில் இருப்பது அவள் நெஞ்சு.

1972 மே 3 அன்று பிரிட்டனில் ஸ்வான்சி என்ற ஊரில், ஸ்டோன் தி க்ரோஸ் என்ற குழுவின் கிதார்க்காரர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்துபோனார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பயமுறுத்தத்தான் சொன்னேன். சில பாடங்களுக்குப் பயமும் வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் சுருக்கின் காரணம் கிடைத்தது. மின்சாரம் உள்ளே வரும் இரண்டு வயரில் ஒன்றிலிருந்து தகட்டுக்கு ஒரு பழைய காகிதக் கண்டென்சரைப் பற்றவைத்திருந்தார்கள். 0.05 மைக்ரோ ஃபாரட். எர்த் இல்லாத குறையை ஒப்பேற்றி இரைச்சலை அடக்க அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. கண்டென்சர் நல்ல நிலையில் இருந்தாலும் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய மூன்றரை மில்லி ஆம்பியரைக் கசியவிடும். ஒரு மில்லி ஆம்பியருக்கே நமக்குச் சுருக்கென்று தெரியும். வீட்டில் இருக்கும் கசிவு பிரேக்கர் 30 மில்லி ஆம்பியருக்குத்தான் விழும் என்பதால் அதற்கு இது தெரியவே தெரியாது. அந்தக் காகிதம் என்றாவது ஒருநாள் ஓட்டையானால் மூன்றரை இல்லை, முழு மின்சாரமும் தந்தியில்.

ஹாலில் கடித்தது, அறையில் கடிக்கவில்லை, அதுவும் புரிந்தது. ஹால் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. அங்கே சொருகினால் கண்டென்சர் ஃபேஸோடு சேரும், அறையில் நியூட்ரலோடு சேரும்.

கண்டென்சரை வெட்டி எடுத்தேன். புது மூன்று கோர் வயர், புது பிளக், பச்சை வயரைத் தகட்டில் தனி போல்ட் போட்டு நட்டு முறுக்கினேன். வயர்மேனை வரச் சொல்லி ஹால் சாக்கெட்டைத் திருத்தி, எர்த்தையும் சோதிக்கச் சொன்னோம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பு போட்டுப் பார்த்தார், மங்கலாகத்தான் எரிந்தது. எர்த் குழி வறண்டு கிடந்தது. நம் மலையில் மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. மழைக்காலத்தில் சமாளித்துவிடும், கோடையில் குழி காய்ந்தால் எர்த் பேருக்குத்தான். தோண்டி, கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ரைட்டர் மனைவிக்கு அதில் ஒரே கோபம், "செடிக்கே தண்ணி இல்லீங்க" என்று.

எல்லாம் முடித்துப் போட்டால் உறுமல் முன்னைவிட அதிகம்.

அவன் மெல்ல இழுத்தான். "டீச்சர், இதனாலதான் அந்தக் காலைக் கழட்டியிருப்பாங்களோ?"

அதேதான். யாரோ ஒருவருக்குச் சத்தம் தொந்தரவாக இருந்திருக்கிறது. எர்த்தை வெட்டினால் சத்தம் நின்றது, கதை முடிந்தது என்று போய்விட்டார். பிரம்பைத் தூக்கி வகுப்பை அமைதியாக்குகிற வாத்தியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். கணக்கு யாருக்கும் வந்திருக்காது.

எர்த் சேர்ந்ததும் உறுமல் ஏன் கூடுகிறது? கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சாக்கெட்டில் எர்த், மைக் செட்டுக்கு எதிர்ச் சுவர் சாக்கெட்டில் எர்த். இரண்டையும் இன்னொரு வயர் பாட்டுக்காக இணைக்கிறது. ஆக, எர்த் வயரே ஒரு பெரிய வளையமாகிவிடுகிறது. வீட்டு மின்சாரத்தின் 50 சுற்றுத் துடிப்பு அந்த வளையத்தில் ஏறி, பாட்டோடு கலந்து ஸ்பீக்கருக்கு வந்துவிடுகிறது. இதற்கு மருந்து எர்த்தை வெட்டுவது இல்லை, வளையத்தைச் சின்னதாக்குவது. இரண்டு பெட்டியையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்து சாக்கெட்டில் சொருகச் சொன்னேன். பாதி உறுமல் அங்கேயே போய்விட்டது. அப்படியும் போகாத இடங்களில், பாட்டு போகும் வயரின் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட்டுப் பிரிப்பார்கள். மின்சார எர்த் அப்படியே இருக்கும்.

மீதிப் பாதி பெட்டிக்குள்.

இங்கே ஒரு கண்டிப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வால்வு செட்டைத் திறக்கக் கூடாது. உள்ளே 320 வோல்ட் டி.சி. ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். நான் ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரை வைத்து அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். ஓடும்போது அளந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால். அப்பா என் இடது கையில் தட்டித் தட்டிப் பழக்கியது. முதல் நாள் செட்டை நேராக மின்சாரத்தில் கொடுக்கவும் இல்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு, சீரீஸ் போர்டு வழியாகத்தான் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், செட் தப்பிக்கும். குண்டு பல்பு தேடித்தான் ஒரு நாள் போயிற்று. ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு கடையில் பழைய சரக்காக ஒன்று கிடைத்தது.

அடுத்தது அந்தப் பெண்ணுக்கு மிகவும் பிடித்த பகுதி. உறுமலுக்கும் ஸ்ருதி உண்டு. "ஆறாவது தந்தியில் மூணாவது கட்டை அமுக்கி மெதுவா மீட்டு" என்றேன். அது 98 துடிப்பு. பெட்டியின் உறுமல் அதோடு கிட்டத்தட்டச் சேர்ந்து, விநாடிக்கு இரண்டு முறை வாவ்... வாவ்... என்று ஏறி இறங்கியது. அப்படியானால் உறுமல் 100 துடிப்பு. கண்ணை அகல விரித்தாள். காதாலேயே அளந்துவிட்டாள் அல்லவா!

இந்த எண்ணில்தான் விடை இருக்கிறது. வெளியிலிருந்து வளையத்தில் ஏறி வருவதும், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் வயரிலிருந்து ஒட்டுவதும் பெரும்பாலும் 50 துடிப்பு. அது ஒரு ஸ்தாயி கீழே, கிதாரில் அந்த ஸ்வரமே கிடையாது. 100 என்றால், ஏ.சி.யை டி.சி.யாக்கும் இடத்தில் கோளாறு. ஈஇசட் 81 அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுகிறது, 50 இரட்டித்து 100 ஆகிறது. அந்த மேடுபள்ளத்தை நிரவுவதுதான் பெரிய கண்டென்சரின் வேலை. அறுபது வருஷத்தில் அதன் உள்ளிருக்கும் ஈரம் காய்ந்து, தொட்டி இருந்தும் தண்ணீர் நிற்காத கதையாகிவிட்டது.

அவன் தம்பி சென்னையில் இருக்கிறான். ரிச்சி தெருவில் வாங்கி அனுப்பச் சொன்னோம். பழையதில் 32 மைக்ரோ ஃபாரட் என்று இருந்தது. "அக்கா, 220 போட்டா இன்னும் சுத்தமா இருக்குமே, விலையும் அதே" என்று அவன் போனில் சொன்னான். இருக்காது. ஈஇசட் 81-க்கு முதல் கண்டென்சர் 50-க்கு மேல் போகக் கூடாது. அவ்வளவு பெரிய தொட்டியை ஒவ்வொரு துடிப்பிலும் நிரப்பப் போய் அந்த வால்வு தன் உயிரையே விட்டுவிடும். கேட்டதை மட்டும் வாங்கு என்றேன். 450 வோல்ட் தாங்குவது, 33 மைக்ரோ ஃபாரட், இரண்டு. மாற்றியதும் உறுமல் காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கும் என்ற அளவுக்கு இறங்கியது.

சோளம் பொரிவதுதான் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. செட் சூடானால்தான் வரும், நான் காது கொடுத்தால் நின்றுவிடும். வகுப்பில் பின் பெஞ்சில் பேசுகிறவனைப் பிடிப்பது போல. ஆனால் வழி ஒன்று உண்டு. கிதாரிலிருந்து ஸ்பீக்கர் வரை சத்தம் ஒரு வரிசையாகத்தான் போகிறது. இரைச்சல் அந்த வரிசையில் எங்கே சேருகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வால்யூமை முழுக்கக் குறைத்தேன். படபடப்பு குறையவில்லை. அப்படியானால் வால்யூமுக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிரபராதி. அணைத்து, ஆறவிட்டு, முதல் ஈசிசி 83-ஐப் பிடுங்கிவிட்டுப் போட்டேன், சத்தம் இருக்கிறது. இரண்டாவதையும் பிடுங்கினேன், இருக்கிறது. மூன்றாவதைப் பிடுங்கியதும் கப்சிப்.

மூன்றாவது வால்வுதான் திருடன் என்று ரைட்டர் சொன்னான். அவசரப்படாதே என்று முதல் வால்வையும் மூன்றாவதையும் இடம் மாற்றினேன். ஒரே எண்தானே. வால்வு திருடனாக இருந்தால் சத்தமும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை. ஆக, அந்த இருக்கையைச் சுற்றி இருக்கும் யாரோ. காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டேன். பென்சில் ஆகாது, உள்ளே இருக்கும் கிராஃபைட் மின்சாரம் கடத்தும். வால்வின் பிளேட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டரைத் தொட்டதும் படபடவென்று கொட்டித் தீர்த்தது. பழைய கார்பன் ரெசிஸ்டர். அளந்தால் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் காட்டியது. உள்ளே கரித்தூள் பிடிப்பு விட்டுப்போய், சூடானால் விட்டு விட்டுக் கடத்துகிறது. அதையும் ஜோடியையும் மாற்றினேன். இரண்டும் சேர்த்துப் பத்து ரூபாய்கூட இல்லை.

அந்த இடம் மாற்றத்தில் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. மூன்றாவது இருக்கையிலிருந்து முதல் இருக்கைக்கு வந்த வால்வை விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி டங் என்கிறது. உள்ளே கம்பிகள் தளர்ந்த வால்வு தானே மைக் ஆகிவிடும். முதல் இருக்கையில் அது இருந்தால் அதன் முனகலை மற்ற எல்லாரும் பெரிதாக்கி ஊளையாக்கிவிடுவார்கள். திரும்ப மூன்றாம் இருக்கைக்கே அனுப்பினேன், அங்கே அதன் சத்தம் எடுபடாது. ஓயாமல் பேசுகிறவனை முதல் பெஞ்சில் உட்கார வைப்பதுதான் பள்ளிக்கூட வழக்கம். வால்வுக்கு நேர்மாறு.

அப்படியானால் அந்த ஈர நாள் கொய்ங்? அது ஏற்காட்டின் கைவரிசை. பனி இறங்கினால் உப்பு ஜாடி தண்ணீர் விடும், பீரோவில் பட்டுச்சேலை பூசணம் பூக்கும் ஊர். வால்வின் கால்களிலும், வயர் சொருகும் ஓட்டைகளின் தகடுகளிலும் களிம்பு. கிதார் வயர் சொருகாதபோது அந்த ஓட்டையை எர்த்தோடு சேர்த்து வாய் மூடி வைக்க உள்ளே ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. களிம்பேறி அது தொடவே இல்லை. திறந்த வாய்க்குள் ஊர்ச்சத்தம் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தை நடுவில் விட்டு இழுத்து இழுத்துத் துடைத்தேன். வால்வுக் கால்களையும் அப்படியே. ஈஎல் 84-க்குச் சத்தத்தைக் கடத்தும் காகிதக் கண்டென்சர் ஒன்றும் ஈரம் குடித்து, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட் கசிந்துகொண்டிருந்தது. விட்டிருந்தால் அந்த வால்வு ஒருநாள் செக்கச் சிவந்து போயிருக்கும். அதன் ஜோடியையும் சேர்த்து மாற்றினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் கிதாரைச் சொருகினால் லேசாக ஒரு ரீங்காரம். கிதார் பெட்டிக்குத் தெற்கே பார்த்து உட்கார்ந்தால் கூடுகிறது, கிழக்கே திரும்பினால் குறைகிறது. வாஸ்து என்று அவள் பாட்டி சொல்லிவிட்டார்! கிதாரின் பிக்கப் ஒரு கம்பிச் சுருள். பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்த அலையை எந்தத் திசையில் பிடிக்கிறதோ அதைப் பொறுத்துக் கூடும் குறையும். பெட்டியிலிருந்து நான்கு முழம் தள்ளி உட்காரச் சொன்னேன். வாசிக்கும்போது ஃபேன் ரெகுலேட்டரையும் போன் சார்ஜரையும் அணைக்கச் சொன்னேன். ஏற்காட்டில் ஃபேன் எதற்கு என்று கேட்காதீர்கள், இப்போது எல்லோர் வீட்டிலும் வந்துவிட்டது.

மிச்சம் இருப்பது மெல்லிய ஒரு ஸ்ஸ்ஸ். சில்வர் ஓக் மரத்தில் காற்று போகிற மாதிரி. "இதையும் எடுத்துடுங்க டீச்சர்" என்றான். எடுக்க முடியாது. எந்த ரெசிஸ்டரிலும், அதில் இருக்கும் சூட்டினாலேயே அணுத்துகள்கள் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பின் சத்தம் இது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்பவர் அளந்து காட்டி, நைக்விஸ்ட் என்பவர் கணக்குப் போட்டு, இருவரும் 1928-ல் வெளியிட்டார்கள். உறைகுளிர் என்று நாம் சொல்லும் டிசம்பர் இரவிலும் அது நிற்காது. எனக்கென்னவோ அந்த ஸ்ஸ்ஸ் பிடித்துத்தான் இருந்தது. அப்பா கடையில் ஸ்டேஷன் பிடிப்பதற்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டு ஹாலில் வாசித்துப் பாடினாள். மைக்கில் உதடு படப் படப் பாடினாள். நான் பாட்டைக் கவனிக்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அவள் பாட்டி மட்டும் ஜாக்கிரதையாக வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

பிளக்கிலிருந்து கழற்றிய காலை யாரும் பத்திரமாக வைக்கவில்லை, நல்லவேளை. வெட்டி எடுத்த அந்தக் காகிதக் கண்டென்சர் மட்டும் என் மேஜையில் ஒரு பாட்டிலில் இருக்கிறது. என்னைப் பார்க்க வருகிற மாணவர்களுக்குக் காட்டுகிறேன். மைக் செட், கல்யாண மண்டபம், கோயில் கமிட்டி என்று இருக்கும் பிள்ளைகள் உங்களில் பலர். உங்கள் செட்டுகளின் பிளக்கை இன்றைக்கே ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அப்புறம் ஒரு உதவி. அந்த டங் என்கிற வால்வு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரேடியோகிராம் எதுவும் கிடந்து, திரும்ப ஓட வைக்கும் எண்ணம் இல்லை என்றால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் உள்ளே ஈசிசி 83 என்று எழுதிய கண்ணாடி வால்வு இருக்கிறதா பாருங்கள். எண் அழிந்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். சேலத்திலிருந்து யாராவது மேலே வந்தால் கொடுத்தனுப்பலாம். பஞ்சு சுற்றி, மடியில் வைத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.